மாரி வருமுன்: வீட்டுக் கோழிகளுக்குத் தீனும் தண்ணீரும்

ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள். காணியைத் துப்புரவாக்கி, தற்காலிகக் கொட்டில் போட்டு, ஐந்தாறு ஊர்க்கோழிகளும் வாங்கிவிட்டீர்கள். கோடையில் அவை தாமாகவே மேய்ந்து, மாலையில் கூட்டுக்கு வந்து, முட்டையும் இட்டன. இனி வருவது மாரி. திரும்பிய முதல் மாரியிலேயே கோழிகளை இழக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த இழப்பைத் தடுப்பதற்கான பாடம் இது.

2006 இல் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை போன்ற ஊர்களிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் பல மாரிகளை மட்டக்களப்பிலும், பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களிலும் கழித்தன. சம்பூரில் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, புறப்பட்ட நாளில் பத்து வயதாக இருந்த பிள்ளை வளர்ந்து இருபது வயதை எட்டியிருந்தது. முகாமின் நெருக்கத்தில் கோழி வளர்க்கப் பழக இடமில்லை. ஆகவே இளம் குடும்பத்தினரை மனதில் வைத்து, அடிப்படையிலிருந்தே சொல்கிறோம். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது இதில் இல்லாமலும் இருக்கலாம்.

1. மாரியில் கோழிக்கு எது எதிரி?

குளிர் நாடுகளில் கோழிக்குக் குளிர்தான் பயம். அங்கே தண்ணீர்ப் பாத்திரம் உறைந்துவிடும். திருகோணமலையில் மார்கழி இரவிலும் அப்படிக் குளிர்வதில்லை. நமக்கு எதிரி ஈரம். ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக் காற்றோடு வந்து விழுகிறது. நவம்பரும் டிசெம்பரும் கடும் மழை மாதங்கள்.

ஈரம் கோழியை நான்கு வழிகளில் தாக்குகிறது.

• இறகு நனைந்த கோழி மேல் காற்றுப் பட்டால் உடற்சூடு போய்விடும். சூட்டைக் காக்க அது கூடுதலாகத் தின்ன வேண்டும். தீன் கிடைக்காவிட்டால் மெலியும்.
• மழை நாளில் கோழி மேயப் போகாது. மேய்ச்சலில் கிடைத்த புழு, பூச்சி, விதை எல்லாம் குறைந்துவிடும்.
• வீட்டில் வைத்த தீன் பூஞ்சணம் பிடிக்கும்.
• கூட்டின் தரையும் குடிதண்ணீரும் எச்சம் கலந்து அழுக்காகும். நோய் அங்கிருந்துதான் தொடங்கும்.

இன்னொன்றும் உண்டு. பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச்சில்தான் வீட்டுக்கு வரும். நவம்பர், டிசெம்பரில் பழைய நெல் முடிந்திருக்கும், புதிய நெல் வயலில் நிற்கும். கடலும் கொந்தளிப்பதால் மீனும் குறைவு. மனிதருக்கே கையிருப்பு மெலிந்திருக்கும் காலத்தில்தான் கோழிக்கும் கூடுதல் தீன் தேவைப்படுகிறது. ஆகவே மாரிக்கான ஆயத்தத்தைப் புரட்டாதி மாதத்திலேயே தொடங்குங்கள்.

2. முதலில் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்

"எத்தனை கோழி வைத்திருக்கிறோம்" என்பதை விட்டு, "எத்தனை கோழிக்கு மாரி முழுவதும் தீன் போடலாம், எத்தனை கோழி நனையாமல் நிற்கலாம்" என்று கேளுங்கள். பட்டினி கிடக்கும் பத்துக் கோழியை விட வயிறு நிறைந்த ஆறு கோழி கூடுதல் முட்டை இடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு வீட்டில் ஆறு பேடுகளும் ஒரு சேவலும் நிற்கின்றன.

• மழை இல்லாத நாளில் கோழி மேய்ந்து பாதி வயிற்றை நிரப்பிவிடும். நீங்கள் ஒரு கோழிக்கு 35 கிராம் போட்டால் போதும். ஏழுக்கும் சேர்த்து ஏறத்தாழ கால் கிலோ.
• நாள் முழுதும் மழை பெய்தால் அதன் இரு மடங்கு வேண்டும். ஏழுக்கும் அரைக் கிலோ.
• மாரியை 100 நாள் என்று வைத்து, அதில் 30 நாள் அடைமழை என்று கணக்கெடுங்கள். 70 நாளுக்கு 17.5 கிலோ, 30 நாளுக்கு 15 கிலோ. மொத்தம் 32.5 கிலோ.

அதே வீட்டில் பத்துக் கோழி நின்றால் ஏறத்தாழ 46 கிலோ வேண்டும். இந்தத் தீன் எங்கிருந்து வரும் என்பதற்கு உங்களிடம் பதில் இருந்தால் பத்தையும் வையுங்கள். பதில் இல்லாவிட்டால் சிலவற்றை மழைக்கு முன்பே விற்றுவிடுங்கள். பிள்ளைகளுக்கென்று கிடைக்கும் நிவாரண அரிசியையும் மாவையும் பருப்பையும் கோழிக்குப் போட நேர்ந்தால், எண்ணிக்கை கூடிவிட்டது என்று அர்த்தம். மனிதர் தின்ன முடியாததைத் தின்று மனிதர் தின்னக்கூடியதைத் தருவதுதான் வீட்டுக் கோழியின் பெறுமதி.

எதை விற்பது? மேலதிகச் சேவல்களை முதலில் விற்கலாம். ஆறு பேட்டுக்கு ஒரு சேவல் தாராளம். பேடுகளில் எது முட்டையிடுகிறது என்று தெரியாவிட்டால், கோழியைப் பிடித்து, பின்பக்கத் துவாரத்துக்கு இருபுறமும் உள்ள இரண்டு சிறு எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலோ அதற்கு மேலோ இடம் இருந்தால் அது முட்டையிடும் கோழி. ஒரு விரல்தான் நுழைகிறது, கொண்டையும் வெளிறிச் சுருங்கியிருக்கிறது என்றால் இப்போது இடவில்லை. அது கிழட்டுக் கோழியா, இறகு உதிர்க்கும் இளம் கோழியா என்று பார்த்து முடிவெடுங்கள். இறகு உதிர்ப்பது மீண்டும் முட்டையிடும்.

விற்பதானால் தீபாவளிக்கு முன் விற்பது நல்லது. அதன்பின் கந்தசஷ்டி விரதம் வருகிறது. மார்கழியில் திருவெம்பாவை வருகிறது. பல வீடுகளில் அந்நாட்களில் மச்சம் சமைப்பதில்லை. விற்ற காசில் ஒரு பங்கைத் தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

3. தீனை எப்படிக் கலப்பது?

கோழிக்குச் சூடு தருவது அரிசிக் குறுணல், சோளம், தவிடு போன்றவை. முட்டைக்கும் இறகுக்கும் வேண்டியது மீன், புழு, புண்ணாக்கு. முட்டை ஓட்டுக்கு வேண்டியது சிப்பி. இந்த மூன்றும் இருந்தால் கடைத்தீன் இல்லாமலே மாரியைக் கடக்கலாம்.

10 கிலோ கலவைக்கு:

• அரிசிக் குறுணல் அல்லது உடைத்த சோளம் – 5 கிலோ
• நெல்லுத் தவிடு – 2.5 கிலோ
• தேங்காய்ப் புண்ணாக்கு – 1.5 கிலோ
• உப்பிடாத காய்ந்த மீன் தூள் – 750 கிராம்
• சிப்பித் தூள் – 250 கிராம்

குறுணல் கிடைக்காவிட்டால் குரக்கனோ இறுங்கோ போடலாம். அரிசி ஆலையில் தவிடு வாங்கும்போது கையில் எடுத்து உரசிப் பாருங்கள். உமி கலந்த தவிடு கையில் குத்தும், அதில் சத்துக் குறைவு. எண்ணெய் நாற்றம் அடித்தால் அது பழைய தவிடு, வாங்காதீர்கள்.

அளப்பதற்குத் தராசு தேவையில்லை. கடையில் ஒரு தடவை கால் கிலோ கலவையை நிறுத்துவித்து, வீட்டில் உள்ள பேணி ஒன்றில் கொட்டி, அது நிற்கும் மட்டத்தில் கோடு கீறிவிடுங்கள். பிறகு அந்தப் பேணிதான் உங்கள் தராசு.

மீன்: கொட்டியாரக் குடாவை அண்டிய ஊர்களில் இது நமக்குள்ள வசதி. செப்டெம்பரில் கடல் அமைதியாக இருக்கும்போது காரல், சூடை, கூனி போன்றவற்றில் விற்காத சிறு மீனை உப்பில்லாமல் நன்றாக வெயிலில் காயவைத்து இடித்து வையுங்கள். மாரியில் கடல் இறங்காத நாட்களில் உதவும். இரண்டு எச்சரிக்கைகள். பேத்தை மீனில் நஞ்சு உண்டு, அதன் குடலையோ தலையையோ கோழிக்குப் போடாதீர்கள். கடைக் கருவாட்டுத் தலையை அப்படியே போடாதீர்கள். அதிலுள்ள உப்புக் கோழியை, முக்கியமாகக் குஞ்சை, கொன்றுவிடக்கூடும். கருவாடுதான் இருக்கிறதென்றால் ஓரிரவு நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீண்டும் வேறு தண்ணீரில் அவித்து, கொஞ்சமாகக் கலவுங்கள்.

சிப்பி: கடற்கரையில் பொறுக்கிய சிப்பியை நல்ல தண்ணீரில் கழுவி, அடுப்பில் சுட்டு, இடித்தால் எளிதில் தூளாகும். ஒரு சிரட்டையில் தனியாகவும் வைக்கலாம். முட்டையிடும் கோழி தனக்குத் தேவையானதைத் தானே கொத்தும். தீன்கலவையில் சிப்பி சேர்த்திருந்தால் அதைச் சிறு குஞ்சுகளுக்குப் போடாதீர்கள். குஞ்சுக்கு அவ்வளவு சுண்ணாம்பு கூடாது.

கீரை: முருங்கை இலையும் அகத்தி இலையும் மழைக்காலத்தில் தழைக்கும். கட்டாகக் கட்டி, கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் மிதித்து வீணாக்கும். பச்சை மரவள்ளித் தோலும் இலையும் ஆகாது. அதில் நஞ்சு உண்டு.

கறையான்: ஒரு பழைய பானையில் ஈர வைக்கோலும் காய்ந்த சாணமும் அடைத்து, கறையான் இருக்கும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானைக்குள் கறையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீன் இல்லை. இதை உங்கள் வளவுக்குள் மட்டும் செய்யுங்கள். ஏன் என்பது 6 ஆம் பகுதியில் உள்ளது.

விதைநெல்: மருந்து பூசிய விதைநெல் மீந்தால் கோழிக்குப் போடாதீர்கள். பக்கத்து வயலில் மருந்தடித்தால் சில நாட்கள் கோழியை அடைத்து வையுங்கள்.

எப்போது போடுவது? காலையில் மூன்றில் ஒரு பங்கும், மாலையில் கூட்டுக்குப் போகுமுன் மூன்றில் இரண்டு பங்கும் போடுங்கள். காலையில் வயிறு நிறைந்தால் மேயப் போகாது. மாலையில் நிறைந்த வயிறு இரவு முழுவதும் சூடு தரும். அடைமழை நாளில் மட்டும் காலையும் மாலையும் சமமாகப் போடுங்கள். கிண்ணத்தில் அரை மணித்தியாலத்துக்கு மேல் தீன் மீந்தால் அளவு கூடிவிட்டது. மீந்ததை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எலி வரும்.

4. தீனை ஈரம் படாமல் வைப்பது

பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கிலும் சோளத்திலும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டாகிறது. அந்த நஞ்சு வெயிலில் காயவைத்தாலும் போகாது, அவித்தாலும் போகாது. பச்சையோ கறுப்போ படிந்த, கட்டிபட்ட, புழுங்கல் மணம் அடிக்கும் தீனைக் காசு போகிறதே என்று கோழிக்குப் போடாதீர்கள். தாராவுக்கும் போடாதீர்கள். தாராவை அது இன்னும் விரைவாகக் கொல்லும். புதைத்துவிடுங்கள்.

• புண்ணாக்கையும் சோளத்தையும் இரண்டு கிழமைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். மொத்தமாகச் சேர்ப்பதானால் குறுணலையும் காய்ந்த மீனையும் சேருங்கள்.
• மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி அல்லது பீப்பாவில் வையுங்கள். சாக்கில் வைப்பதானால் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலகை அடித்து, சுவரில் முட்டாமல் வையுங்கள். சீமெந்துத் தரையும் ஈரத்தை இழுக்கும்.
• வெயில் எறிக்கும் நாளில் தீனைச் சுளகில் பரப்பி ஒரு மணித்தியாலம் காயவைத்து, சூடு ஆறிய பின் மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும்.
• தீனை ஈரமாகக் குழைத்துப் போட்டால் அன்றே தீர்ந்துவிட வேண்டும்.

5. தண்ணீர்

"மழைதானே, தண்ணீருக்கு என்ன குறை" என்று நினைக்கத் தோன்றும். மாரியில்தான் கோழி மிக அழுக்கான தண்ணீரைக் குடிக்கிறது. முற்றத்துக் குழியில் எச்சமும் சேறும் கலந்து நிற்பதை அது குடிக்கும். கிண்ணத்தில் நல்ல தண்ணீர் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே வரும். குழிகளை மண் போட்டு மூடிவிடுங்கள்.

ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ கால் லீற்றர் வரை குடிக்கும். ஏழு கோழிக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர். தின்னும் தீனின் நிறையைப் போல இரு மடங்கு தண்ணீர் என்று நினைவில் வைத்தால் போதும். ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் போனாலே முட்டை குறைந்துவிடும்.

உப்புத் தண்ணீர்: கரையோரக் கிணறுகள் பல உப்பாக இருக்கின்றன. 2004 சுனாமியில் கடல் புகுந்த கிணறுகளும் உண்டு. உங்கள் வாய்க்கு உப்புக் கரித்தால் அந்தத் தண்ணீரைக் கோழிக்கும் கொடுக்காதீர்கள். எச்சம் தண்ணீராகப் போவதும், முட்டை ஓடு மெல்லிதாவதும், குஞ்சு தள்ளாடுவதும் உப்பின் அடையாளங்களாக இருக்கலாம். மாரி இதற்கு ஒரு வழி தருகிறது. தகரக் கூரையின் கீழே பாத்தி போட்டு மழைநீரைப் பிடியுங்கள். ஒவ்வொரு மழையிலும் முதலில் வடியும் தண்ணீரை ஓடவிட்டு, கூரை கழுவுப்பட்ட பிறகு பிடியுங்கள். பீப்பாவைத் துணியால் இறுக்கி மூடுங்கள். மூடாத பீப்பாவில் டெங்கு நுளம்பு முட்டையிடும்.

வெள்ளம் புகுந்த கிணறு: 2011 ஜனவரி வெள்ளத்தைப் போலக் கிணறு மூழ்கினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். இறைத்து, குளோரின் போட்ட பிறகே பாவியுங்கள். குளோரின் மணம் கடுமையாக இருந்தால் கோழி குடிக்காது. தண்ணீரை வாளியில் எடுத்து ஒரு நாள் வைத்துவிட்டுக் கொடுங்கள். வாளியை மெல்லிய துணியால் மட்டும் மூடுங்கள்.

போத்தல் தண்ணீர்ப் பாத்திரம்: ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றை எடுங்கள். அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் சிறு துளை ஒன்று போடுங்கள். துளையை விரலால் பொத்தி, தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, மூன்று விரல் உயர விளிம்புள்ள தட்டில் நிமிர்த்தி வையுங்கள். தண்ணீர் துளை மட்டத்துக்கு வந்ததும் தானாக நிற்கும். கோழி குடிக்கக் குடிக்க ஊறும். தட்டின் விளிம்பு துளையை விட உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் வழிந்துவிடும். போத்தல் சாயாமல் ஒரு கம்பில் கட்டுங்கள். குஞ்சுகள் நின்றால் தட்டில் சிறு கற்களைப் போடுங்கள், விழுந்தாலும் மூழ்காது.

பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஒரு கல்லின் மேல், கூரைக்குக் கீழே வையுங்கள். தினமும் காலையில் கொட்டி, தேங்காய்த் தும்பால் உட்புறத்தைத் தேய்த்து, புதிதாக நிரப்புங்கள். நுளம்பு முட்டை பாத்திர விளிம்பில் ஒட்டியிருக்கும். கொட்டினால் மட்டும் போகாது, தேய்க்க வேண்டும்.

6. மேய்ச்சலும் வெடிபொருளும்

இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கோழி தேடியும், முட்டை தேடியும், கறையான் வெட்டியும், சிப்பி பொறுக்கியும் பற்றைக்குள் போவது பிள்ளைகள்தான். மிதிவெடி அகற்றப்படாத இடத்திலும், சிவப்பு எச்சரிக்கைப் பலகை நாட்டிய இடத்திலும், மறித்து நாடா கட்டிய இடத்திலும் ஒருபோதும் போகக்கூடாது. கோழி அங்கே போனால் போகட்டும். மாலையில் தீன் பாத்திரத்தைத் தட்டிக் கூப்பிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் தீன் போட்டுப் பழக்கினால் அந்தச் சத்தத்துக்குத் தானாக வரும். வராவிட்டால் ஒரு கோழி போயிற்று என்று விட்டுவிடுங்கள்.

பெருமழையும் வெள்ளமும் மண்ணை அரித்து, புதைந்து கிடந்த வெடிபொருளை வெளியே கொண்டுவரும், வேறு இடத்துக்கும் இழுத்துச் செல்லும். சென்ற மாதம் நடந்த பாதை என்றாலும் வெள்ளத்துக்குப் பிறகு கவனம் வேண்டும். தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். பாவிக்காத பழைய கிணற்றைக் கோழித் தண்ணீருக்காக நீங்களாக இறங்கித் துப்புரவாக்காதீர்கள்.

7. நனையாத கூடு

தீனும் தண்ணீரும் சரியாக இருந்தும் கூடு ஈரமானால் பலனில்லை. சுருக்கமாகச் சொல்கிறோம்.

• ஏழு கோழிக்கு இரவில் அடைய நான்கடிக்கு மூன்றடி கூடு போதும். தரையிலிருந்து மூன்றடி உயர்த்துங்கள். வெள்ளத்துக்கும் கீரிக்கும் அதுவே காவல்.
• அடித்தளத்தைப் பனஞ்சலாகை அல்லது கம்புகளால் சிறு இடைவெளி விட்டு அடித்தால் எச்சம் கீழே விழும். அதைக் கிழமைக்கொரு முறை கூட்டி எருக்குழியில் போடுங்கள்.
• வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். வடக்கு, கிழக்குப் பக்கங்களைக் கிடுகால் மறையுங்கள். நிவாரணமாகக் கிடைத்த தறப்பாளால் நாலு பக்கமும் சுற்றிக் கட்டாதீர்கள். எச்சத்தின் காரம் உள்ளே நின்று கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி எப்போதும் வேண்டும்.
• பகல் மழைக்கு ஒதுங்க, கூட்டின் அருகே சாய்ப்பு ஒன்று இறக்குங்கள். தீனும் தண்ணீரும் அதற்குள் இருக்கட்டும். ஒரு மூலையில் அடுப்புச் சாம்பலும் காய்ந்த மணலும் கலந்து வைத்தால் கோழி அதில் புரண்டு பேனை உதறும்.

8. அடைக்கோழியும் குஞ்சும்

குஞ்சு பொரிக்க 21 நாள். ஐப்பசியில் அடை வைத்தால் குஞ்சு கார்த்திகையின் பெருமழையில் வெளிவரும். இயன்றவரை தை பிறந்த பிறகு அடை வையுங்கள். இடையில் அடை கிடக்கும் கோழியை அடைகலைத்து, முட்டையை விற்பதோ பிள்ளைகளுக்குக் கொடுப்பதோ நல்லது. அப்படியும் மாரியில் குஞ்சு பொரித்துவிட்டால், முதல் நான்கு கிழமைக்குத் தாயையும் குஞ்சுகளையும் வீட்டுத் திண்ணையில் கூடையின் கீழ், காய்ந்த சாக்கின் மேல் வையுங்கள். அரிசிக் குறுணலைப் பொடியாக்கி, கறையானோ இடித்த மீனோ சேர்த்து, நாளுக்கு ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சாக்கை நனைந்தவுடன் மாற்றுங்கள்.

9. நோய்

மழைக்கு முன் செப்டெம்பரிலேயே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய் ராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். அயல் வீடுகள் எல்லாம் ஒரே நாளில் போட்டால்தான் பலன். ஒரு வளவில் வந்தால் மறுவளவுக்கு வரும். மருந்தைக் குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும், கரைத்தவுடன் பாவிக்க வேண்டும். தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்தென்றால் குளோரின் போட்ட தண்ணீரில் கலக்காதீர்கள், மருந்து செத்துவிடும்.

பச்சை எச்சம், கழுத்துத் திருகல், இறக்கை தொங்குதல் என்றால் ராணிக்கெட்டாக இருக்கலாம். குஞ்சின் எச்சத்தில் இரத்தம் வந்தால் ஈரத் தரையால் வரும் கழிச்சலாக இருக்கலாம். நோய்க் கோழியை உடனே பிரித்து வைத்து, கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். நோயில் செத்த கோழியைச் சமைக்காதீர்கள், விற்காதீர்கள், வாய்க்காலில் எறியாதீர்கள். கிணற்றுக்குத் தூரமாக, வெள்ளம் ஏறாத மேட்டில், உங்கள் வளவுக்குள் ஆழமாகப் புதையுங்கள்.

மாரி நாட்காட்டி

• புரட்டாதி: எண்ணிக்கையை முடிவு செய்தல், தடுப்பு மருந்து, மீனும் சிப்பியும் காயவைத்தல், கூடு திருத்தல்.
• ஐப்பசி: மேலதிகக் கோழிகளை விற்றல், குறுணல் வாங்குதல், மழைநீர்ப் பாத்தி கட்டுதல்.
• கார்த்திகை, மார்கழி: தினமும் தண்ணீர் மாற்றுதல், கிழமைக்கொரு முறை தீன் மணந்து பார்த்தல், கூட்டின் அடியைக் கூட்டுதல்.
• தை: அடை வைத்தல். பெரும்போக அறுவடைக்குப் பிறகு களத்தில் கூட்டி அள்ளிய நெல்லைக் காயவைத்து அடுத்த மாரிக்குச் சேர்க்கத் தொடங்குதல்.

குழுவாகப் பேசிப் பாருங்கள்

1. உங்கள் வளவில் இந்த மாரிக்கு எத்தனை கோழிக்குத் தீன் உண்டு? கிலோவில் கணக்குப் போடுங்கள்.
2. உங்கள் ஊரில் எந்தக் கிணறு உப்பு, எது நல்ல தண்ணீர்? மழைநீரை எந்தக் கூரையில் பிடிக்கலாம்?
3. புண்ணாக்கை நாலைந்து வீடுகள் சேர்ந்து வாங்கிப் பிரித்தால் யாரிடம் காய்ந்த இடம் உண்டு?
4. பிள்ளைகள் போகக்கூடாத இடங்கள் எவை? அவர்களையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

மாரியில் முட்டை குறைந்தால் கவலைப்படாதீர்கள். கோழி இறகு உதிர்க்கும், அடை கிடக்கும், வெயிலும் குறைவு. மாசியில் உங்கள் பேடுகள் எடை குறையாமல் உயிரோடு நின்றால் இந்தப் பாடம் பயன்பட்டது. அவை மீண்டும் இடத் தொடங்கும்போது முதல் முட்டைகளை அடைக்கு விற்காமல் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.